மத்தாப்புக் கம்பி மாலை

சுகிர்தாவுக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் அம்மா கற்பகவல்லி சிவகாசி முழுக்கப் பெருமை பேசுவாள். பேசட்டும். வராத வேலையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆடி மாதமே சாட்சி.

ஆனி கடைசியில் ஒருநாள் காலை, பெங்களூரிலிருந்து சினேகா என்ற பெண் போனில் பேசினாள். உலோகத்தில் புது மாதிரி நகை செய்கிறவர்களுக்கென்று அங்கே ஒரு பேரவை இருக்கிறதாம். சுகிர்தாவின் அத்தை பொன்னுத்தங்கத்துக்கு இந்த வருஷம் வாழ்நாள் சாதனையாளர் விருது தருகிறார்களாம். விருதை அவரவர் கேட்கும் ஊரில் வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம், அத்தை சொந்த ஊரைக் கேட்டிருக்கிறாராம். கூடவே அத்தையின் வேலைகளை வைத்து ஒரு சின்னக் கண்காட்சியும் உண்டு.

“மேடம் இரும்புல செஞ்ச முதல் மாலை உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. மத்தாப்புக் கம்பி மாலை. புத்தகத்துல இருக்கிற கறுப்பு வெள்ளைப் போட்டோவைத் தவிர நாங்க யாரும் அதைப் பார்த்ததே இல்லை. ‘அண்ணன் மக வச்சிருக்கா, அவகிட்ட இருந்தா எங்கிட்ட இருக்கிற மாதிரி’ன்னு மேடம் சொன்னாங்க. இருக்குதானே?”

“இருக்கு,” என்றாள் சுகிர்தா. “லாக்கர்ல பத்திரமா இருக்கு.”

போனை வைத்த பிறகு பால் பொங்கி வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மாலை லாக்கரில் இல்லை. வேறு எங்கும் இல்லை. மகன் பிறந்த வருஷமே அதை அழித்தாயிற்று.

எங்கள் பக்கம் நகை என்றால் அழித்துச் செய்வதுதான். மாமியாரின் அட்டிகை மருமகளின் வளையலாகும், வளையல் பேத்தியின் கம்மலாகும். ஒன்றும் வீணாகாது, ஒன்றும் நிலைக்கவும் செய்யாது. அதைப் பாவம் என்று யாரும் நினைப்பதில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வார்கள். அப்படியிருக்க, அணிந்தால் கழுத்தைச் சுற்றி முள்வேலி போட்டது மாதிரி நிற்கும் அந்த மாலையை யார் விட்டு வைப்பார்கள்? எரிந்துபோன மத்தாப்புக் கம்பிகளை விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொன்றின் அடியையும் வெள்ளியில் பிடித்து அத்தை செய்திருந்தார். கல்யாணத்தன்று மேளச் சத்தத்துக்கு நடுவில் தன் கையாலேயே சுகிர்தாவின் கழுத்தில் போட்டார். காதருகே குனிந்து என்னவோ சொல்லவும் செய்தார். நாதஸ்வரத்தில் அது காதில் விழவில்லை. அரை மணி நேரத்தில் கற்பகவல்லி அதைக் கழற்றி ஒரு துண்டில் சுருட்டிவிட்டாள்.

“கரிஞ்ச கம்பியக் கொண்டாந்து கல்யாணப் பொண்ணு கழுத்துல போடுதாளே. இவளுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

பேரன் பிறந்ததும் அந்தத் துண்டு பீரோவிலிருந்து வெளியே வந்தது. வெள்ளி அரைஞாண் கொடியும் பால் சங்கும் ஆனது. சுகிர்தா தானே பட்டறைக்குப் போய் முன்னால் நின்று செய்து வாங்கி வந்தாள்.

பொன்னுத்தங்கம் என்று பெயர் வைத்த பெண் தங்கத்தைத் தொடாமலே எழுபது வயதைத் தாண்டியது எங்கள் ஊரின் பழைய வேடிக்கை. பட்டாசு ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலை வைத்திருந்த குடும்பம். வடக்கே போய்ப் படித்தார், கல்யாணம் வேண்டாம் என்றார், புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறை போட்டார். தகரம், பித்தளை, இரும்புக் கம்பி என்று எதையெதையோ எடுத்து நகை என்றார். வீட்டு விசேஷங்களுக்கு வந்தால் பந்தியில் அவர் பக்கத்து இலை கடைசியில்தான் நிரம்பும். “பெரிய வீட்டுப் பொண்ணு, பழைய இரும்புக்காரன் மாதிரி ஆயிட்டாளே” என்பார்கள். அவர் வேலைகள் வெளிநாட்டுக் காட்சிசாலைகளில் இருக்கின்றன என்ற செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேர இத்தனை காலம் பிடித்தது. வந்து சேர்ந்த மறுநாளே அவர் எங்கள் ஊரின் பெருமை ஆகிவிட்டார். எங்களுக்கு அதில் கூச்சமே இருந்ததில்லை.

சுகிர்தாவின் கணவர் மணிகண்டராஜ் காலண்டர் அச்சகம் நடத்துகிறவர். ஆடிப் பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டிய நேரம், மனிதருக்குத் தலைக்கு மேல் வேலை. இருந்தும் விருதுச் செய்தியைக் கேட்டதும் அன்று மதியத்துக்குள் சங்கத்தில் சொல்லி, மண்டபம் பேசி, அதிகாரிகளை அழைக்கவும் ஆள் அனுப்பிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதுதான் சுகிர்தா மாலை விஷயத்தை உடைத்தாள்.

“போன்லயே அழிச்சாச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?” என்று கற்பகவல்லிதான் முதலில் கேட்டாள். “நகைன்னா அழிக்காமலா இருப்பாக? ஊரு உலகத்துல நடக்காததா?”

அந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்டதில் அது ஒன்றுதான் நியாயமான பேச்சு. சுகிர்தா அப்போதே போனை எடுத்திருக்கலாம். ‘அவகிட்ட இருந்தா எங்கிட்ட இருக்கிற மாதிரி’ என்ற வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அப்படி நம்பியவரிடம், உங்கள் மாலையை என் பிள்ளை இடுப்பில் கட்டினேன் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவர்கள் உண்மையைச் சொல்லி விடுபடலாம். அவள் வெட்கத்தை மறைக்க வழி தேடினாள்.

வழி கணவரிடம் இருந்தது. “ஒரு மாலைதான? போட்டோ இருக்கு, வெள்ளி கடையில இருக்கு, கம்பிக்கு நம்ம ஊர்லயா பஞ்சம்? செஞ்சுட்டாப் போச்சு. ஒரு படத்தை லட்சம் காப்பி அடிக்கவன் நான். எது ஒரிஜினல்னு எவன் கண்டான்?”

“அத்தை கண்டுபிடிச்சுட்டா?”

“அவுகளுக்கு எழுவது வயசுக்கு மேல ஆச்சு. செஞ்சு எம்புட்டு வருசம் ஆச்சு. ஒனக்கே ஞாபகம் இல்லைல்ல?”

அவளுக்கு ஞாபகம் இல்லைதான். அந்தப் பதிலில் அவள் சமாதானம் அடைந்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில் கணவனும் மனைவியும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கம்பி மத்தாப்பு கொளுத்தினார்கள். பகலில் மத்தாப்புக்கு அழகே கிடையாது. சடசடவென்று சத்தம், கண்ணைக் கரிக்கும் புகை, அவ்வளவுதான். ஒன்று அணைவதற்குள் இன்னொன்று. இருவரும் பேசிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட வந்த பாலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன சுகிர்தா, பட்டப்பகல்ல மத்தாப்பு?”

“சாம்பிள் பாக்கோம்க்கா.”

இந்த ஊரில் அந்தப் பதில் எதற்கும் போதும். பாலம்மாள் வத்தலைப் பரப்பிவிட்டுப் போய்விட்டாள். பொய் சொல்ல வராதவளுக்கு அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சரளமாக வந்தது.

விருதுநகரில் தங்கப்பாண்டியன் என்ற வெள்ளி வேலைக்காரரிடம் கம்பிக் கட்டையும் போட்டோவையும் மணிகண்டராஜ் கொடுத்தார். அவர் லேசர் மிஷின் வைத்துப் பற்றவைக்கிறவர். கம்பிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதைக் கழுத்துல போடவா அண்ணாச்சி?” என்றார். “பள்ளிக்கூட நாடகத்துக்கு” என்றார் மணிகண்டராஜ். சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்கவில்லை.

ஆடிப் பெருக்கு கழிந்து மாலை கைக்கு வந்தது. போட்டோவை அருகில் வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக இருந்தது. சுகிர்தா திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு வித்தியாசமும் அகப்படவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். தன் கழுத்தில் கிடந்த பொருளைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை வந்து சேர்ந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கதர்ச் சட்டை, கையில் ஒரே ஒரு பை. மண்டப வாசலில் அவர் படம் போட்ட பிளெக்ஸ் பனைமரம் உயரத்துக்கு நின்றது. ‘வாழ்நாள் சாதனையாளரை வருக வருக என வரவேற்கிறோம்.’ அச்சகத்தில் படத்தைச் சரிசெய்த பையன், கழுத்து மொட்டையாக இருக்கிறதே என்று தானாகவே ஒரு இரட்டை வடச் சங்கிலியையும் இரண்டு தோடுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். அத்தை காரை நிறுத்தச் சொல்லி நிதானமாகப் பார்த்தார்.

“யாரு இந்தம்மா? நல்ல வசதியான வீட்டுப் பொம்பள போலருக்கு.”

மணிகண்டராஜுக்கு முகம் செத்துவிட்டது. “மாத்தச் சொல்லிருதேன், பெரியம்மா.”

“விடுங்க மாப்பிள்ள. இருந்துட்டுப் போகட்டும். அந்தச் சங்கிலியாவது கழுத்துல நிக்குதே.”

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அத்தை உற்சாகமாக இருந்தார். கற்பகவல்லியிடம் மூட்டுவலியை விசாரித்தார். சுகிர்தா மாலையைப் பற்றிப் பேச்சு வந்துவிடக்கூடாதே என்று தோசைக்கல்லை விட்டு நகரவில்லை. வந்தது.

“ஏ சுகிர்தா, அதை இப்ப எடுத்துக் காட்டிராத. நாளைக்கு அங்கனயே பாக்கேன். குடுத்த பெறகு ஒரு தடவகூட நான் பாத்ததில்ல. வந்தப்பல்லாம் கேக்கணும்னு தோணும். குடுத்தத எப்படிக் கேக்க?” அவர் விரலால் இலையில் கோடு போட்டார். “விருது கிருதெல்லாம் கெடக்கட்டும். அதப் பாக்கணும்னுதான் இங்கன வச்சுக் குடுங்கன்னு சொன்னேன்.”

இப்போது சொல்லிவிடலாம். வீட்டுக்குள், நாலு பேருக்குள் முடிந்துவிடும். அவள் திரும்பினாள். கற்பகவல்லி கண்ணாலேயே அதட்டினாள். மணிகண்டராஜ் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்தார்.

“இன்னொரு தோசை வைக்கவா, அத்தை?” என்றாள் சுகிர்தா.

மறுநாள் காலை மண்டபத்துக்கு ஊர்க்கூட்டம் வருவதற்கு முன்னால், விருதுக் குழுவினரும் வீட்டாரும் மட்டும் கண்காட்சியைச் சுற்றி வந்தார்கள். சினேகாவும், நடுவரான கனகசபாபதியும் இருந்தார்கள். கனகசபாபதி சென்னையில் உலோகக் கலை கற்பித்து ஓய்வு பெற்றவர், அத்தையின் வேலைகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். சாப்பாட்டு ஹாலில் மேசைகளை நகர்த்தி, கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். மத்தாப்புக் கம்பி மாலை கடைசிப் பெட்டியில், விளக்கு வெளிச்சத்தில் தனியாக இருந்தது.

அத்தை சுகிர்தாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அந்த மாலை எப்படிப் பிறந்தது என்று சினேகா கேட்டாள்.

“இவளக் கேளுங்க. இவதான் செஞ்சா, நான் ஒட்டத்தான் செஞ்சேன்.” அத்தை சிரித்தார். “இவளுக்கு அப்ப ஏழு வயசு. தீபாவளிக்கு வந்திருக்கேன். மத்த பிள்ளைக எரிச்ச கம்பியத் தண்ணி வாளியில எறிஞ்சுட்டு அடுத்ததுக்கு ஓடும். இவ மட்டும் ஒவ்வொண்ணா எங்கிட்டக் கொண்டாந்து, ‘அத்தை, இது செத்துப் போச்சு, நீங்க வச்சுக்கிடுங்க’ன்னு குடுப்பா. எம்புட்டு அழகாச் சொன்னா தெரியுமா? தூரப்போட மனசு வரல. பெட்டியில போட்டு ஊரூராக் கொண்டுக்கிட்டுத் திரிஞ்சேன். இவ கல்யாணத்துக்கு என்ன செய்யன்னு யோசிச்சப்ப, அதத்தான் எடுத்தேன். அதுவரைக்கும் நான் வெள்ளியத் தவிர எதையும் தொட்டதில்ல. பெறகு இரும்ப விடவே முடியல.”

சுகிர்தாவுக்கு அந்தத் தீபாவளி ஞாபகத்தில் இல்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி வாளியைத் தாண்டி ஓடி வருவது மட்டும் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. கல்யாணத்தன்று காதில் விழாமல் போனது இதுதான் என்று புரிந்தது. யாராவது வந்து இந்த நடையை நிறுத்த மாட்டார்களா என்று இருந்தது. யாரும் வரவில்லை.

அத்தை கடைசிப் பெட்டி முன்னால் நின்றார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு போய்விட்டது. கண்ணாடியைத் திறக்கச் சொன்னார். மாலையைக் கையில் எடுத்தார், பின்பக்கம் திருப்பினார், கட்டைவிரலால் ஒரு கம்பியின் அடியைத் தடவினார். அந்த விரலையே சுகிர்தா பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நின்றது. அத்தை தலையை உயர்த்தி அவளை ஒரு தரம் பார்த்தார்.

கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. யார் வீட்டுப் பிள்ளையோ என்பது மாதிரிப் பார்த்தார். சுகிர்தா தரையைப் பார்த்தாள்.

“மேடம், எல்லாம் சரியா இருக்கா?” என்றாள் சினேகா.

“சரியா இருக்கு,” என்றார் அத்தை.

கனகசபாபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். “ஆச்சரியமா இருக்கே. பற்றவச்ச இடத்துல நெருப்புப் பட்ட தடமே இல்லை. இது லேசர் வேலை மாதிரில்ல இருக்கு? இவங்க கல்யாணச் சமயத்துல உங்க பட்டறையில லேசர் ஏது?”

மண்டபத்து மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. சுகிர்தா கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மணிகண்டராஜ் வாசல் பக்கம் எதையோ கவனிப்பது போல நின்றார்.

“நடுவுல விட்டுப்போச்சு,” என்றார் அத்தை. “பிரிச்சுத் திரும்பப் பற்றவச்சேன்.”

“அதானே பார்த்தேன்.” கனகசபாபதி இன்னும் விடவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறவர். “உண்மையைச் சொன்னா போட்டோவுல பார்த்து நான் ரொம்ப எதிர்பார்த்திருந்தேன். நேர்ல அந்த உயிர் இல்லை. கம்பி எல்லாம் அளந்து வெட்டினது மாதிரி ஒரே வரிசை. உங்க கை இதுல இன்னும் வரலை. தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பா எடுக்க என்ன இருக்கு? நீங்க சொல்லுதது சரிதான். அப்ப எனக்குக் கை கூடல.”

தன் வாழ்நாளின் நல்ல வேலையை, விருது வாங்குகிற அன்று, தன் வாயாலேயே அவர் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு மாலையை அது இருந்த இடத்திலேயே சீராக வைத்தார். சுகிர்தாவுக்கு அங்கேயே காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் நின்றுகொண்டே இருந்தாள். பொய் சொன்னதைவிட, அத்தையையும் பொய் சொல்ல வைத்துவிட்டு வாய் மூடி நின்றதுதான் பெரிய கேவலம். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நின்றாள்.

விழா பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. எங்கள் ஊர் விழா எப்படி இருக்குமோ அப்படி. பொன்னாடைக்கு மேல் பொன்னாடை, அத்தையின் முகமே தெரியவில்லை. ஒரு காலத்தில் அவரைப் பழைய இரும்புக்காரி என்றவர்கள் எல்லாரும் மைக்கைப் பிடித்து, “சின்ன வயசுலயே எங்களுக்குத் தெரியும்” என்றார்கள்.

கனகசபாபதி பாராட்டுரை படித்தார். அழகான உரை. அதில் ஒரு பகுதி வந்தது. “முதல் இரும்பு மாலையை இன்று காலைதான் கண்டேன். தடுமாற்றம் நிறைந்த வேலை. ‘அப்போது எனக்குக் கை கூடவில்லை’ என்று அம்மையாரே திறந்த மனத்தோடு ஒப்புக்கொண்டார். அந்தத் தடுமாற்றத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறார் என்பதுதான் இந்த விருதின் பொருள்.” ஊர் கைதட்டியது. மணிகண்டராஜும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் சுகிர்தா காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இனி யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அது அவள் செய்த காரியம்.

அடுத்து சினேகா வந்து, இந்தக் கண்காட்சி இத்துடன் முடியவில்லை, எல்லா நகைகளும் அடுத்த மாதம் வெளிநாடு போகின்றன, மத்தாப்புக் கம்பி மாலைதான் அதில் முதல் காட்சி என்று அறிவித்தாள். அத்தை விருதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு மைக் முன்னால் வந்தார்.

“எல்லாருக்கும் நன்றி. எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். மத்த சாமானெல்லாம் எங்க வேணும்னாலும் போகட்டும். அந்த மாலை மட்டும் போகாது. அது எனக்குப் பாத்தியப்பட்டதில்ல. எங்க அண்ணன் மகளுக்குச் சீராக் குடுத்தது. அவ பொருள் அவகிட்டத்தான் இருக்கணும். எடுத்துட்டு வாங்க.”

சினேகா தயங்கினாள். அத்தை அசையவில்லை. பெட்டியிலிருந்து மாலையை எடுத்து வந்தார்கள்.

“ஏ சுகிர்தா, இங்கன வா.”

சுகிர்தா படி ஏறினாள். தாய்மாரெல்லாம் புன்னகையோடு பார்த்தார்கள். அத்தை மாலையை விரித்து, எல்லார் முன்னாலும் அவள் கழுத்தில் போட்டு, பின்னால் கொக்கியை மாட்டினார். எந்தப் பொய் கடல் தாண்டிப் போகப் பார்த்ததோ அது அவளிடமே வந்து சேர்ந்தது. கீழே எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கற்பகவல்லிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சுகிர்தா சிரித்தாள்.

பந்தியில் அவளைச் சாப்பிட விடவில்லை. ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து மாலையைத் தொட்டுப் பார்த்தாள். “இதுதானா அது? குடுத்து வச்சவ நீ.” “இம்புட்டு வருசம் பொத்திப் பொத்தி வச்சிருந்திருக்காளே, வேற யாரு வைப்பா?” “எங்க வீட்ல இருந்தா இந்நேரம் அழிச்சிருப்போம்.” பாலம்மாளும் வந்தாள். கம்பியைத் தொட்டாள், முகர்ந்து பார்த்தாள், சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாயசத்துக்குப் போய்விட்டாள். கம்பி நுனிகள் கழுத்தில் குத்தின. கழற்றலாம் என்றால் கொக்கி பின்னால் இருந்தது, யாரையாவது கேட்க வேண்டும். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மண்டபத்தின் மணமகள் அறையில் அத்தை தனியாக இருந்தார். பொன்னாடைகளை மடித்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தார். சுகிர்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“இதக் கழட்டி விடுங்க, அத்தை.”

“திரும்பு.”

அவள் திரும்பி நின்றாள். அத்தையின் விரல்கள் பிடரியில் பட்டன. கொக்கி கழன்றது. முதுகைக் காட்டியபடியேதான் அவளால் பேச முடிந்தது.

“மகன் பெறந்தப்ப அழிச்சேன். அரைஞாண் கொடியும் சங்கும் செஞ்சேன். நேத்து ராத்திரி சொல்லியிருக்கலாம். அந்தப் பொண்ணு போன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன். காலையில அவரு அம்புட்டுச் சொன்னப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். என்னைய அறைஞ்சுருங்க, அத்தை.”

பின்னால் அந்த மாலையைக் கட்டில் மேல் வைக்கிற ஒலி கேட்டது.

“பிள்ளைக்குச் சங்கு செஞ்சா செஞ்சுட்டுப் போ. வெள்ளி எங்கயும் போயிராது,” என்றார் அத்தை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கம்பிகள என்ன செஞ்ச?”

சுகிர்தா யோசித்தாள். பட்டறை ஞாபகம் வந்தது. ஆசாரி குறட்டால் ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கியது ஞாபகம் வந்தது. பிடுங்கியதை எங்கே போட்டார்? தரையிலா, கரிச் சட்டியிலா, வாசலில் இருந்த குப்பைக் கூடையிலா? ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. பத்திரமாக ஒரு டப்பாவில் இருக்கிறது என்று சொன்னால் போதும், ஊரே புகை விடுகிற ஊர், கம்பிக்கா பஞ்சம். அவள் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியாது, அத்தை,” என்றாள். “நான் கம்பியப் பாக்கல. தராசையே பாத்துக்கிட்டு நின்னேன்.”

அத்தை அடுத்த பொன்னாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.